பல் கம்பியில் ஒட்டிய வெள்ளை

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, அப்பா, அம்மாவின் அண்ணனான என் மாமா, கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் ஊர் உபதேசியார், பெண் பார்க்க டவுனிலிருந்து வந்த மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அவருடைய அக்கா, பிறகு நான். ஆக எட்டுப் பேர். தங்கையைக் காலையிலேயே பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அவளுக்குப் பல் வரிசை நன்றாக இருக்கும் என்பதால். ஒன்பதாவதாக ஆண்டவரும் அந்த வீட்டில் இருந்தாரா இல்லையா என்பதுதான் அன்றைய குழப்பம் முழுவதும்.

எனக்கு அப்போது இருபது வயது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. மற்றப் பிள்ளைகள் மேலே படித்த காலத்தில் நான் வீட்டில் உட்கார்ந்து பயப்படக் கற்றுக்கொண்டேன். கதவைத் தாழ் போட்டோமா, அடுப்பை அணைத்தோமா, கோவிலில் சிலுவை போடும்போது கை தோளைத் தொட்டதா தொடவில்லையா என்று எதையும் இரண்டு முறை நினைத்துப் பார்ப்பேன். இது போதாதென்று மேல்வரிசை முன்பற்கள் நான்கும் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நின்றன. மூன்று இடங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது இடத்துக்காரம்மா தெருவில் இறங்கும்போது சொன்னது என் காதிலேயே விழுந்தது. “பொண்ணு சிரிக்காமலே சிரிக்குது.”

அதைக் கேட்டு அழுதது நான். கோபம் வந்தது மாமாவுக்கு. மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய்வந்த சிப்பாய், ஊர் பாஷையில் சொல்தா. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பென்ஷன் வாங்குபவர். “பிரான்சுல, மர்சேயில ஒரு கர்னல் பொண்ணு வாயில பாத்தேன். கம்பி போட்டு இழுத்துக் கட்டி வச்சிருந்தான். இன்னா செலவானாலும் நான் குடுக்கறேன்” என்றார். மறுநாளே என்னை டவுனுக்கு, பல் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் ஆயிரத்து நானூறு ரூபாய் கேட்டார். ஐந்நூறு முன்பணம், மிச்சத்துக்கு மாதம் எழுபத்தைந்து. பற்கள் உள்ளே போக இரண்டு வருஷமாவது ஆகும் என்றார்.

“ரெண்டு வருஷமா? இவளுக்கு இருபது முடியப்போவுது டாக்டர். மாசா மாசம் முறுக்கறத ரவ கூட சேத்து முறுக்குங்க. ஒரு வருஷத்துல முடிச்சிடலாம்.”

“இது பல்லுங்க. பட்டாளம் இல்ல. அட்டென்ஷன்னு சொன்னா நிக்காது.”

அன்று முதல் என் பற்கள் மாமாவின் சொத்தாகிவிட்டன. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “எங்க, என் பல்லக் காட்டு” என்பார். சட்டைப் பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்து, கீழ்ப்பல்லுக்கும் மேல்பல்லுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து, குச்சியில் நகத்தால் கோடு போடுவார். போன மாதக் குச்சியைத் தொலைத்துவிட்டு, பற்கள் முன்னேறியதா பின்வாங்கியதா என்று தெரியாமல் அம்மாவைத் திட்டுவார்.

கம்பி போட்டது தைப்பொங்கல் முடிந்த வாரம். எங்கள் ஊரைச் சுற்றிலும் கரும்புக் கொல்லை. வெட்டு நடக்கிற காலம். வண்டி வண்டியாகக் கரும்பு போகும் பாதையில் நான் மட்டும் ஒரு கணு கடிக்க வழியில்லாமல் நின்றேன். கொய்யா விதை கம்பிக்குள் போனால் இரண்டு நாள் தங்கும். முருங்கைக்காயின் நார் கம்பியில் சுற்றிக்கொண்டால் நூல் கண்டு பிரிப்பதுபோல் பிரிக்க வேண்டும். கருவாட்டு முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைசியில் கேழ்வரகுக் கூழும் குழைந்த சோறும்தான் கதி. சாப்பிட்டு எழும்போது வாயில் இன்னொரு ஆளுக்கு வேண்டிய சோறு மிச்சம் இருக்கும். பம்பு செட்டில் துணி துவைக்கும் பெண்கள், “எம்மா, ஒரு தபா காட்டு, ஒரே ஒரு தபா” என்று கேட்டு, பார்த்துவிட்டு, பார்க்காதவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

இதெல்லாம் வெளியில் தெரிந்த கஷ்டம். உள்ளுக்குள் நான் பட்டது வேறு. இரும்பு ஆயிற்றே, துருப்பிடிக்காதா? துரு வயிற்றுக்குள் போனால்? டாக்டர், துருப்பிடிக்காது என்று சொல்லித்தான் அனுப்பினார். ஆனாலும் வாய் கொப்பளித்ததும் துணியால் பற்களை ஒற்றி, அரிவாளுக்குத் தடவுவதுபோல் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பேன். இடி இடித்தால் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அறை மூலையில் உட்காருவேன், இடி இரும்பைத் தேடி வரும் என்று கேள்விப்பட்டிருந்ததால்.

நான்காம் மாதம் இடது பக்கக் கம்பி நுனி பிதுங்கி வந்து கன்னத்தைக் குத்தியது. டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். அப்பா என்னை மதகடிப்பட்டுக்குக் கூட்டிப்போய் சைக்கிள் கடை பாயிடம் காட்டினார். பாய் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இத்தினியூண்டு கம்பிய நறுக்க எங்கிட்ட சாமான் கீதுப்பா. ஆனா புள்ள வாயில பிளேயர் வுடற தொழில் எங்க வாப்பா எனக்குக் கத்துத்தரல. டாக்டர்கிட்டயே போ.”

டாக்டர் நுனியை உள்ளே மடக்கிவிட்டு, மறுபடி குத்தினால் கொஞ்சம் மெழுகை உருட்டி அதன்மேல் அப்பிக்கொள் என்றார். எந்த மெழுகு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்த மெழுகு ஒன்றே ஒன்றுதான். மாதாப் படத்துக்குப் பின்னால் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த, கோவிலில் மந்திரித்துக் கொடுத்த வெள்ளை மெழுகுவர்த்தி. புயல் வந்தாலோ, யாராவது சாகக் கிடந்தாலோ ஏற்றுவதற்கு வைத்திருந்தது. அதன் அடியிலிருந்து நகத்தால் சுரண்டி, உருட்டி, கம்பி நுனியில் ஒட்டிக்கொண்டேன். குத்தல் நின்றது. பிறகு தினமும் ஒரு சிட்டிகை. அம்மா ஒரு நாள் மெழுகுவர்த்தியை எடுத்துப் பார்த்து, “எலி கடிச்சி வச்சிருக்குது பாரு” என்றாள். நானும் எலியைத் தேடுவதுபோல் மூலையில் குனிந்து பார்த்தேன்.

ஏழாம் மாதம் இந்த டவுன் இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு மில்லில் வேலை. உபதேசியார்தான் கொண்டுவந்தார். பற்கள் இன்னும் பாதி வழியில் நின்றதால், கம்பியைக் கழற்றிய பிறகு பார்க்கட்டும் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. “பல்லுல கம்பி போட்ட பொண்ணு வில்லியனூர்லேர்ந்து இந்தாண்ட எவன் வூட்ல கீது சொல்லு? வாயக் காட்டினாலே வசதி தெரியும். நல்லா பெருசா சிரிக்கச் சொல்லு” என்றார். இந்த இடமும் தட்டிப்போனால் தங்கைக்கு முன்னால் எனக்கு ஆகாது என்று ஊரில் பேச்சு ஆரம்பித்துவிடும். அந்தப் பயம் எனக்கு எல்லாப் பயத்துக்கும் மேலே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிப் பூசைக்குப் போனேன். கம்பி நுனிக்கு வழக்கம்போல் மெழுகு வைத்துக்கொண்டுதான் போனேன். நன்மை என்று நாங்கள் சொல்கிற, ஆண்டவரே இறங்கியிருக்கும் நற்கருணை அப்பத்தை வாங்கி, நாக்கில் வைத்து, பல்லில் படாமல் விழுங்கப் பார்த்தேன். புதுநன்மைக்குப் படித்த காலத்தில் இதே உபதேசியார் பிரம்பைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தது அப்படி. பல்லால் கடிக்கக்கூடாது. விரலால் தொடக்கூடாது. கீழே விழவே கூடாது. சாதாரண வாய்க்கே அது கஷ்டம். கம்பி போட்ட வாய்க்கு?

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். நடுப்பல் கம்பியில், நகத்தளவுக்கு வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தது.

ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். கரையவில்லை. இரண்டாவது சொம்பு, மூன்றாவது சொம்பு. அப்பம் தண்ணீரில் கரையாமல் நிற்கிறதென்றால் அது என் பாவத்தின் கனம்தான் என்று நினைத்தேன். நாக்கால் தள்ளினேன், அசையவில்லை. விரலால் தொட முடியாது. வாயைத் திறந்து வைத்தால் விழுந்துவிடுமோ என்று இறுக்கி மூடிக்கொண்டேன். அம்மாவைக் கண்ணாடி முன்னால் இழுத்துப்போய், ஒரு தடவை உதட்டை விரித்துக் காட்டி, கோவில் பக்கம் கையை நீட்டினேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

பங்குச் சாமியாரைக் கேட்கலாம் என்றால், அவர் பூசையை முடித்துக்கொண்டு அடுத்த ஊர்ப் பூசைக்கு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். திரும்ப மணி பதினொன்றரை ஆகும். பெண் பார்க்க வருகிறவர்கள் வருவது பத்து மணிக்கு.

“ஒண்ணும் காட்டிக்காத. தலைய ஆட்டு. அவுங்க போனதும் பாத்துக்கலாம்” என்றாள் அம்மா.

பத்து மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கழுத்தில் பெரிய சிலுவையும் கையில் சுற்றிய ஜெபமாலையுமாக, பார்த்ததுமே பக்தியான மனுஷி என்று தெரிகிற மாதிரி இருந்தார். மாப்பிள்ளை கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடியே உட்கார்ந்திருந்தார். முறுக்கும் வாழைக்காய் பஜ்ஜியும் வைத்தோம். என்னைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

“இன்னாம்மா படிச்சிருக்க?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

நான் ஏழு விரல்களைக் காட்டினேன்.

“சமையல் தெரியுமா?”

தலையை ஆட்டினேன்.

“மீன் கொழம்பு எப்படி வைப்பே?”

இதற்கு எந்தப் பக்கம் தலையை ஆட்டுவது? அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூரையைப் பார்த்தாள். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. “அலே, அலே!” என்று பிரெஞ்சில் விரட்டினார். “சிரிச்சிக் காட்டு. சும்மா ஒக்காந்துக்கினு கீற. ஆயிரத்து நானூறு ரூபா வாயி, ஒரு தபா தொறந்தா இன்னா?” என்று சத்தம் போட்டார். நான் உதட்டை இன்னும் இறுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

மாப்பிள்ளையின் அக்கா குனிந்து தன் அம்மாவின் காதில் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. “எம்மா, பொண்ணு ஊமை போல கீதே.”

அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

“ஊமையெல்லாம் இல்லைங்க! தெருவுக்கே கேக்கற மாதிரி பேசுவா. காலையில வாங்கின நன்மை அப்பிடியே கம்பியில மாட்டிக்கினு கீது. வாயத் தொறந்தா ஆண்டவர் கீழ வுழுந்துடுவாரோன்னுதான் புள்ள மூடிக்கினு கீறா.”

எல்லாரும் உபதேசியாரைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். விரலை வேட்டியில் துடைத்தார்.

“அப்படின்னா இந்த வாய் இப்போ, பீடத்துல நன்மை வச்சிப் பூட்டற நற்கருணைப் பேழைக்குச் சமானம்” என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மாப்பிள்ளையின் அம்மா முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, காபித் தம்ளரை நகர்த்திவிட்டு, என் எதிரில் மண்டி போட்டார். பிறகு அக்கா. பிறகு அம்மாவும் அப்பாவும். உபதேசியார் தான் சொன்ன சொல்லுக்குத் தானே கட்டுப்பட்டு மெதுவாக இறங்கினார். மாப்பிள்ளை ஒரு கையில் பாதி முறுக்கோடு மண்டி போட்டார். மாமாவுக்கு முழங்காலில் பழைய அடி, மடக்க முடியாது. சுவரோடு விறைத்து நின்று சல்யூட் அடித்தார்.

நான் பதறி எழுந்தேன்.

“ஒக்காருடி! ஆடாத!” என்றார் உபதேசியார், மண்டி போட்ட நிலையிலேயே.

உட்கார்ந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் காலில் நான் விழுந்து கும்பிட வேண்டிய நேரத்தில் அவர்கள் என் காலடியில் இருந்தார்கள். அப்பா போய் மாதாப் படத்துக்குப் பின்னாலிருந்து மந்திரித்த மெழுகுவர்த்தியை எடுத்துவந்து ஏற்றினார். அது நேராக நிற்கவில்லை. அடி முழுக்க என் நகத் தடம். “எலி” என்று அம்மா கூனிக் குறுகி முணுமுணுத்தாள். அப்பா அதைத் தம்ளருக்குள் நிறுத்திவைத்துவிட்டு, சாமியாரை வழியிலேயே மறிக்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஜெபமாலை தொடங்கியது. மாலையில் முதல் பத்து மணிகள் உருண்டு முடிந்தன, இரண்டாவது பத்தும் முடிந்தது. காபியில் ஆடை படர்ந்தது. என் மூக்கின் மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. விரட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை. பேழை ஈ விரட்டுமா? மூன்றாவது பத்தில் தற்செயலாகக் கீழே பார்த்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ அடக்க முடியாமல் அவர் தோள் குலுங்கியது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பல்லை மறைக்க நான் பொத்துவதுபோலவே, விரல்களைச் சேர்த்து, மேல் உதட்டை மறைத்து.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சாமியார் வாசலில் நின்று பார்த்தார். எரிகிற மெழுகுவர்த்தி, மண்டி போட்டு ஜெபிக்கிற கூட்டம், நடுவில் ஆடாமல் அசையாமல் நான். பையிலிருந்து அவசரமாக, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டே, “யாருக்கு முடியல? இந்தப் பொண்ணுக்கா?” என்றார்.

உபதேசியார் விவரம் சொன்னார். சாமியார் சிமிழைத் திரும்பப் பையில் போட்டார். “டார்ச் லைட் கீதா?” என்றார். மாமா கொடுத்தார்.

“வாயத் தொறம்மா. பயப்படாத.”

திறந்தேன். காலையிலிருந்து இறுக்கியதில் தாடை வலித்தது. அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். அம்மாவிடம் ஒரு கொண்டை ஊசி கேட்டு வாங்கி, மெல்லச் சுரண்டினார். வெள்ளைத் துண்டு உள்ளங்கையில் விழுந்தது. எல்லாரும் தலை குனிந்தார்கள். சாமியார் அதை விரலால் நசுக்கினார். உருட்டினார். மோந்து பார்த்தார். பிறகு தம்ளரில் நின்ற மெழுகுவர்த்தியைப் பார்த்தார்.

“மெழுகு” என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

“மெழுகும்மா. நீ வாங்கின நன்மை காலையிலயே கரைஞ்சி உள்ள போயிருக்கும். வாயில எதுக்கு மெழுகு வச்சே?”

நான் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். “குத்துச்சி சாமி” என்றேன். பூசையிலிருந்து வந்த பிறகு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஓரத்தில் வைத்தது சூட்டில் இளகி நடுப்பல்லுக்கு நகர்ந்து வந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளை. கைக்குட்டை கீழே விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன், அவருக்கும் முன்பற்கள் இரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூட மறந்து, கம்பி முழுக்கத் தெரிய, சத்தமாகவே சிரித்தேன். இந்த இடம் வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் நான் நிஜமாகவே ஆசைப்பட்டேன். அதுவரைக்கும் தட்டிப்போகக்கூடாதே என்ற பயம் மட்டும்தான் இருந்தது.

சாமியார் காபி வேண்டாம் என்று சொல்லிப் புறப்பட்டார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார்.

“இன்னா சம்மந்தி, தட்டு மாத்திக்கலாமா?” என்றார் மாமா. 

“எப்படிங்க மாத்தறது?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். “பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா இவ எதிர்ல நான் மண்டி போட்டுட்டேனே.”

“மெழுகுக்குத்தானே போட்டீங்க!”

“மெழுகுன்னு தெரிஞ்சா போட்டேன்? ஆண்டவர்னு நெனச்சித்தானே போட்டேன். நாளைக்கி இவ கொழம்புல உப்பு கம்மியாப் போட்டா நான் எந்த வாயால ஏசுவேன்? ஏச வந்தா மண்டி போட்டதுதான் ஞாபகத்துக்கு வரும். மாமியார்னு சொல்லிக்கினு வூட்ல நான் ஒக்கார முடியுமா சொல்லுங்க.”

மாமா உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியாருக்கே அதில் நியாயம் இருப்பதாகத் தோன்றியிருக்க வேண்டும், தாடையைச் சொறிந்தார். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மாப்பிள்ளை போகும்போது கைக்குட்டையை எடுக்காமலே போனார்.

அடுத்த மாதமே பாகூர்ப் பக்கம் அந்த மாப்பிள்ளைக்குப் பெண் முடிவாகிவிட்டதாக உபதேசியார் வந்து சொன்னார். மாமா தீக்குச்சி எடுத்துவருவதை நிறுத்தினார். “ஆயிரத்து நானூறு ரூபா போட்டு மெழுகு ஒட்டவா கம்பி கட்டினேன்?” என்று சொல்லி, தவணையையும் நிறுத்தினார். அவர் முன்பணம் ஐந்நூறும் ஆறு தவணையும் கட்டியிருந்தார். பணம் இல்லாமல் டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்து, முறுக்கப் போகாமலே நான்கு மாதம் அந்தக் கம்பியோடு சுற்றினேன். பிறகு நடவுக் கூலியில் ஒரு தவணைப் பணம் சேர்த்துக்கொண்டு தனியாக பஸ் ஏறிப் போனேன். போகிற வழி முழுக்க, பாக்கியைக் கட்டாவிட்டால் பல்லையும் சேர்த்துக் கழற்றிக்கொள்வாரோ என்று நினைத்துக்கொண்டே போனேன். டாக்டர் கம்பியை மட்டும் கழற்றினார். “பாதிதான் உள்ள போயிருக்கு. மீதிப் பணம் முடிஞ்சப்ப குடும்மா” என்றார்.

பற்கள் அந்தப் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. அதற்கும் ஒருவர் வந்தார், கட்டிக்கொண்டார். உப்பு கம்மியானால் ஏசுகிற மாமியாரும் கிடைத்தார். கையில் பணம் சேர்ந்து டவுனுக்குப் போனபோது டாக்டர் இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை இருந்தது. எங்கே போனார் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஆயிரத்து நானூறில் மாமா கட்டியது தொள்ளாயிரத்து ஐம்பது, நான் கட்டியது எழுபத்தைந்து. இன்னும் பாக்கி முந்நூற்று எழுபத்தைந்து ரூபாய்.